அலசூரிலிருந்து ஓசூர்ச் சாலை வரை

பெங்களூரில் ஓசூர்ச் சாலை வழியாக நாள்தோறும் பல்லாயிரவர் செல்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர்க்கு அது மின்னணு நகருக்கோ, ஓசூருக்கோ, சேலத்திற்கோ செல்லும் வழி, அவ்வளவே. ஆனால் காலை ஏழு மணியளவில் லக்கசந்திராவை ஒட்டிய பகுதியில் சிறிது நேரம் நின்று பார்ப்பவர்க்கு வேறொரு கூட்டம் கண்ணிற்படும். இரவெல்லாம் பேருந்தில் வந்த களைப்போடு இறங்குவோர், ஸ்கேன் படம் வைத்த பெரிய உறையை மார்போடு அணைத்துக்கொண்டு நடப்போர், கைத்தாங்கலாக ஒருவரை அழைத்து வருவோர் எனப் பலர். கன்னடமும் தெலுங்கும் தமிழும் மலையாளமும் வங்காளியும் அங்கே ஒரே வரிசையில் நிற்கும். அவர்களுள் ஒரு சிலர் கையில் மட்டும் சோற்றுக்கூடை அளவில் ஒரு சிறிய ஐஸ் பெட்டி இருக்கும். கடந்த ஓராண்டாக அந்த ஒரு சிலருள் நாங்களும் சேர்ந்திருக்கிறோம்.

நாங்கள் என்றது கணவன் மனைவி இருவரை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து இந்நகருக்கு வந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அலசூரைப் பற்றி நம் சங்கத்து அன்பர்கட்குப் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை. 1809-இல் ஆங்கிலேயர் இங்கே தண்டு அமைத்த நாள் முதலாகப் படையோடும் வாணிகத்தோடும் கட்டட வேலையோடும் தமிழ்க் குடும்பங்கள் வந்து தங்கிய இடம் இது. ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கம். சற்றுத் தள்ளி, 1991-இல் நிறுவப்பெற்றும் பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்து 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் திறக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலை. ஊரிலிருந்து யார் வந்தாலும் இவ்விரண்டையும் காட்டிவிட்டு, சோமேசுவரர் கோயிலுக்கு அழைத்துச் செல்வது எங்கள் வழக்கம். தங்கை மகள் வந்தபோதும் அவ்வாறே செய்தோம். வெளிவட்டச் சாலையில் ஒரு கணினி நிறுவனத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. எங்கள் வீட்டு மாடியறை அவளுக்காயிற்று.

வந்த எட்டாம் மாதம் அவளுடைய இடக்கண்ணில் பார்வை மங்கிற்று. கண்ணாடி மாற்ற வேண்டும் போலும் என்று எண்ணினோம். கண் மருத்துவர் கண்ணைப் பார்த்துவிட்டு, கோளாறு கண்ணில் இல்லை, கண்ணுக்குப் பின்னே உள்ள நரம்பில் இருக்கிறது என்றார். பிறகு ஸ்கேன், முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதனை எனப் பலவும் நடந்தன. முடிவில் ஒரு பெயர் வந்தது: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். தமிழில் இதனைத் தண்டுவட மரப்பு நோய் என்பர். ஆயினும் அது தண்டுவடத்தோடு நிற்பதன்று. மூளையையும் கண் நரம்பையும் தாக்கும்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். அவள் இசைவு பெற்றே இதனை எழுதுகிறோம். பெயரை மட்டும் போட வேண்டா என்றாள். வரன் பார்க்கும் வயதுடைய பெண்ணின் நோயைப் பற்றி நம் குடும்பங்களில் எவ்வாறு பேசுவார்கள் என்பதை நாம் அறிவோம். அதனால் பெயர் இல்லை.

நோயின் தன்மையை எளிதாகச் சொல்வதாயின், மின்கம்பியின் மேல் ரப்பர் உறை இருப்பது போல நம் நரம்புகளின் மேலும் ஓர் உறை உண்டு. உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே அந்த உறையைப் பகையென்று எண்ணித் தாக்கி அரிக்கின்றன. எந்த இடத்தில் உறை அரிபட்டதோ அதற்கேற்பப் பார்வை மங்கலாம், கால் மரக்கலாம், நடை தள்ளாடலாம், காரணமின்றிச் சோர்வு வந்து படுத்துவிடலாம். பலர்க்கு இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதி. தொற்று நோயன்று. பாரிசு நகரில் சார்க்கோ என்னும் மருத்துவர் இதனைத் தனி நோயாக வகுத்துரைத்தது 1868-இல். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, நோயின் போக்கையே மட்டுப்படுத்தும் மருந்தென்று ஒன்றும் இல்லை. 1993-இல்தான் அமெரிக்காவில் பீட்டா இன்டர்ஃபெரான் என்னும் ஊசிமருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அன்று தொடங்கியதே இந்த ஊசிக் கணக்கு. மருந்தே இல்லாத காலத்தில் எண்ணுவதற்கு ஒன்றுமில்லை; மருந்து வந்த பிறகு எண்ணுவதே ஒரு வாழ்க்கையாகிவிட்டது.

அவளுக்குக் குறித்துக் கொடுத்தது வாரத்தில் மூன்று நாள் தோலுக்கடியில் போடும் ஊசி. திங்கள், புதன், வெள்ளி இரவுகளில் தானே போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு ஊசிகளுக்கு இடையே குறைந்தது 48 மணி நேரம் வேண்டும். ஒருநாள் தவறினால் மறுநாளும் அதற்கு மறுநாளும் அடுத்தடுத்துப் போட்டுச் சரிக்கட்டக் கூடாது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தலாகாது. தொடை, வயிறு, மேற்கை, பிட்டம் என இடம் மாற்றிக்கொண்டே வரவேண்டும். போட்ட சில மணி நேரத்தில் சளிக்காய்ச்சல் போலக் குளிரும் உடல்வலியும் வரும். அதனால்தான் இரவில் போடுவதும், கூடவே மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் எடுத்துக்கொள்வதும். இடையிடையே கல்லீரலுக்கும் இரத்த அணுக்களுக்கும் சோதனை. மருந்தோ 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்கவேண்டும். உறையவும் கூடாது, வெப்பத்திலும் கிடக்கக் கூடாது. ஃபிரிட்ஜின் கதவில் வைத்தால் திறக்கும்தோறும் சூடு ஏறும். உள்ளே பின்சுவரை ஒட்டி வைத்தால் உறைந்துபோகும். நடுத்தட்டில் ஒரு மூடிய டப்பாவே அதற்குரிய இடம் என்று கண்டுகொள்ள எங்களுக்கு ஒரு வாரம் ஆயிற்று.

மின்சாரம் போனால் எங்கள் வயிறு கலங்கத் தொடங்கியதும் அப்போதுதான். சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து 1902-இல் மின்சாரம் முதலில் கோலார்த் தங்கவயலுக்குச் சென்றது. பூமிக்கடியில் உழைத்த நம் தமிழ்த் தொழிலாளர்களின் தலைக்கு மேலே அது எரிந்தது. 1905-இல் பெங்களூர்த் தெருக்களுக்கு வந்தது. இந்தியாவில் தெருவிளக்குக்கு மின்சாரம் கண்ட முதல் நகரங்களுள் இது ஒன்று என்று வருவோர்க்கெல்லாம் பெருமையாகச் சொல்லி வந்த நாங்கள், கோடை மழையில் இரண்டு மணி நேரம் விளக்கணைந்தால் ஃபிரிட்ஜின் கதவைத் திறக்காதே என்று ஒருவரையொருவர் அதட்டிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தோம்.

இத்தனை கணக்கையும் யார் வைப்பது? எங்கள் வீட்டில் முதலில் வைத்தது கோயிலில் கொடுத்த மாதக் காலண்டர். சமையலறைச் சுவரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி. பதினைந்து நாளில் பால் எது, ஊசி எது என்று தெரியாமற் போயிற்று. அப்போதுதான் அவள் தன் கைபேசியில் ஒரு செயலியை இறக்கிக்கொண்டாள்.

மருந்தை நினைவூட்டும் செயலிகள் இன்று பல உள்ளன. அவற்றுள் பெயர் பெற்ற ஒன்றாகிய மெடிசேஃப் என்பது இசுரேல் நாட்டில் இரு சகோதரர்கள் 2012-இல் தொடங்கியது. அவர்கள் தந்தை நீரிழிவு நோயாளி. இன்சுலின் போட்டுக்கொண்டதை மறந்து மறுமுறையும் போட்டுக்கொண்டார். அந்த அச்சமே அச்செயலிக்கு வித்து என்பர். எம்.எஸ். நோய்க்கென்றே ஊசிமருந்து செய்யும் நிறுவனங்கள் சில தத்தம் மருந்துக்குத் தனிச் செயலிகள் வெளியிட்டதும் உண்டு. எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றே. குறித்த வேளையில் மணி அடிக்கும். திரையில் மருந்தின் பெயர் வரும். போட்டாயிற்று என்று விரலால் தொட்டால் அந்நாள் பச்சையாகும். தொடாவிட்டால் மீண்டும் மீண்டும் அடிக்கும். ஊசிக்கென்று அமைந்த செயலிகளில் மனித உருவப் படம் ஒன்று இருக்கும். சென்றமுறை எங்கே போட்டோமோ அங்கே ஒரு புள்ளி. இம்முறை எங்கே போடலாம் என்று அதுவே காட்டும். காலண்டரால் செய்ய இயலாத காரியம் இது. என் மனைவிக்கு அப்படம் மிகவும் பிடித்துப்போயிற்று. இவளுக்குத் தொடையில் தழும்பு விழாமற் காத்தது அந்தப் படமே என்று இன்றும் சொல்வாள்.

முதல் மாதத்திலேயே ஒரு பிசகு நேர்ந்தது. அவள் இறக்கிய செயலியில் ‘இரண்டு நாளைக்கொருமுறை’ என்று ஓர் அமைப்பு இருந்தது. அதனையே வைத்துவிட்டாள். திங்கள், புதன், வெள்ளிக்குப் பிறகு ஞாயிறன்று மணி அடித்தது, அதன்பின் செவ்வாய். ஒன்றுவிட்ட நாள் வேறு, வாரத்தில் மூன்று நாள் வேறு என்பது அந்த ஞாயிறு இரவில்தான் விளங்கிற்று. நல்லவேளையாகப் போடுமுன் கண்டுகொண்டோம். இப்படிச் செயலி வைப்போர் மருந்துச்சீட்டை ஒருகையில் வைத்துக்கொண்டு கிழமை கிழமையாகத் தொட்டுக் குறிப்பது நலம்.

செயலியில் இன்னொரு வசதியும் இருந்தது. நோயாளி ஊசி போடாமல் விட்டால் வீட்டார் கைபேசிக்கும் செய்தி வரும். அதை நாங்களே கேட்டு வைத்துக்கொண்டோம். ஊரில் தங்கைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோமே! திங்கள், புதன், வெள்ளி இரவு ஒன்பது மணிக்கு மாடியில் மணி அடிக்கும். பச்சை வரவில்லையாயின் ஒன்பதரைக்கு எங்கள் இருவர் கைபேசியும் ஒலிக்கும். ஒருவர் மாடிப்படியில் நின்று, “போட்டாயிற்றா அம்மா?” என்று கேட்போம். சில வாரங்களில் எங்கள் கைபேசி ஒலிப்பதே நின்றுவிட்டது. பெண் பொறுப்பாக இருக்கிறாள் என்று தங்கைக்குத் தொலைபேசியில் சொல்லி மகிழ்ந்தோம்.

சென்ற ஆடி மாதம் ஆண்டுச் சோதனைக்காக ஓசூர்ச் சாலைக்குப் புறப்பட்டோம். காலை ஆறரைக்கு ஆட்டோ. திரும்பும்போது மூன்று மாத மருந்து வாங்கி வரவேண்டும் என்பதால் ஐஸ் பெட்டியும் உடன் வந்தது. அலசூரில் ஆட்டோ ஓட்டுபவர்களிடம் எந்த மொழியில் பேசுவது என்று நாம் யோசிப்பதில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்தே மொழியைத் தேர்ந்துகொள்வார்கள். ரிச்மண்டு டவுன் கடந்து ஜான்சன் மார்க்கெட்டை அடைந்தால் ஓசூர்ச் சாலை தொடங்கும். பிறகு பழைய கிறித்தவக் கல்லறைத் தோட்டத்தின் நெடிய மதில். அதனையும் கடந்து சென்றால் மரங்கள் அடர்ந்த பெரிய வளாகம் ஒன்று வரும். அதுவே நிமான்ஸ் என்னும் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம். அடுத்தே கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை. நாட்டின் பல மூலைகளின் துயரம் அந்த ஒரு மைல் தொலைவுக்குள் வந்து இறங்குகிறது.

மைசூர் அரசின் பழைய மனநோய் மருத்துவமனையும், 1954-இல் தொடங்கப்பெற்ற அனைத்திந்திய மனநலக் கழகமும் 1974 டிசம்பரில் ஒன்றாக இணைந்து பிறந்ததே நிமான்ஸ். 2012-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முதன்மை வாய்ந்த நிறுவனமாயிற்று. பழைய பெயரின் நிழல் இன்றும் போகவில்லை. நிமான்சுக்குப் போகிறோம் என்று சொன்னால், ஐயோ, மனநிலை சரியில்லையா என்று கேட்பார் நம்மிடையே உண்டு. இல்லை, நரம்பு என்றால் அவர்கள் முகம் தெளியும். அந்தத் தெளிவு நமக்கு வேதனை தருவது வேறு கதை.

அந்த வளாகத்திலே மனித மூளைக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருப்பதைப் பலர் அறியார். மருத்துவர் எஸ்.கே. சங்கர் என்னும் நரம்பு நோய்க்குறியியல் அறிஞரின் உழைப்பால் வளர்ந்தது. பொதுமக்களும் பார்க்கலாம். கண்ணாடிக் கலங்களில் பலவகை நோயுற்ற மூளைகள் வரிசையாக இருக்கும். பதப்படுத்திய உண்மையான மூளையைக் கையிலே ஏந்திப் பார்க்கவும் விடுகிறார்கள். முன்னொருமுறை ஸ்கேனுக்குக் காத்திருந்த வேளையில் மூவரும் சென்றோம். ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ இருக்கும். தேங்காயைவிடச் சற்றுக் கனம். நாங்கள் தயங்கினோம், அவள் உறை மாட்டிய கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். “இவ்வளவுதானா, மாமா!” என்றாள். அச்சம் போனாற்போல் இருந்தது அவள் குரல்.

ஆடி மாதத்துச் சோதனைக்கு வருவோம். மருத்துவர் இளையவர், தமிழும் பேசினார். சென்ற ஆண்டுப் படத்தையும் இவ்வாண்டுப் படத்தையும் அடுத்தடுத்துத் திரையில் வைத்தார். புதிதாக ஒரு வெண்புள்ளி இருந்தது. ஊசி போட்டும் புதுப்புள்ளி வருமாயின் மருந்து போதவில்லை என்று பொருள். இன்னும் வலிமையுள்ளதற்கு மாற்ற வேண்டியிருக்கும் என்றார். வலிமையுள்ள மருந்துகள் உடலின் காவலை மேலும் தளர்த்துவன. தொற்றுக்கு இன்னும் அஞ்சவேண்டும். குழந்தைப்பேறு பற்றியும் முன்கூட்டி எண்ண வேண்டும். அவற்றை அவர் பொறுமையாக விளக்கிவிட்டு, “ஊசி தவறாமல் போட்டீர்களா?” என்று கேட்டார்.

அக்கேள்விக்காகவே காத்திருந்தவர்கள் போல நாங்கள் அவள் கைபேசியை வாங்கி நீட்டினோம். பன்னிரண்டு வாரம், 36 ஊசி, 36-உம் பச்சை. கீழே நூற்றுக்கு நூறு என்று எழுத்தும் இருந்தது. மருத்துவர் அதைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். “வீட்டில் இப்போது எத்தனை ஊசி மிச்சம் இருக்கிறது?” என்று கேட்டார். எங்கள் மூவரில் ஒருவரும் விடை சொல்லவில்லை. “எண்ணிவிட்டு வாருங்கள். மருந்தை மாற்றுவதை அடுத்த வாரம் முடிவு செய்யலாம்” என்றார். ஐஸ் பெட்டியை வெறுமையாகவே எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம்.

கல்லறைத் தோட்டத்து மதிலும் கடந்து ஜான்சன் மார்க்கெட் சிக்னலில் ஆட்டோ நின்றபோது அவள் வாய் திறந்தாள். “ஒன்பது இருக்கும், மாமா.”

வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்து எண்ணினோம். ஒன்பதே இருந்தன. நடுத்தட்டில், எங்கள் கண்ணெதிரில், நாள்தோறும் பால் எடுக்கும் இடத்திற்கு ஒருசாண் தள்ளி இருந்தன. கைபேசி கண்காணிக்கிறது என்ற நம்பிக்கையில் அந்த டப்பாவை நாங்கள் ஒருநாளும் திறந்ததில்லை.

அவள் மீது சினம் வரவில்லை என்று சொல்வது பொய்யாகும். என் மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள். சற்று நேரங்கழித்து அவளே காப்பியோடு வந்து, “ஏன் அம்மா?” என்று மட்டும் கேட்டாள். விடை எளிதாக இருந்தது. விடுபட்ட ஒன்பதும் புதன்கிழமைகள். வியாழக்கிழமை காலையில் அலுவலகத்தில் வாரக்கூட்டம். புதன் இரவு ஊசி போட்டால் வியாழன் காலையில் உடம்பு கொதிக்கும், மூளை மந்தமாகும், பேச எழுந்தால் சொற்கள் வரா. அலுவலகத்தில் நோயைச் சொல்லவில்லை. “புதனன்று மட்டும் விட்டுவிடலாம் என்று தொடங்கினேன், அத்தை. விட்டுவிட்டேன் என்று செயலியில் போட்டால் உங்கள் இருவர் கைபேசியும் ஒலிக்கும். நீங்கள் படியில் வந்து நிற்பீர்கள். அம்மாவுக்குச் செய்தி போகும். அம்மா அழுவாள். போட்டாயிற்று என்று தொட்டுவிட்டால் எல்லாரும் தூங்கலாம்.”

பச்சை என்று நாங்கள் மகிழ்ந்ததெல்லாம் எங்களை உறங்கவைக்கத் தொட்ட விரல்தான். செயலியின் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. விரல் சொன்னதை அது எழுதிக்கொண்டது. மேலை நாடுகளில் ரெபிஸ்மார்ட் என்னும் மின்னணு ஊசிக்கருவி ஒன்று வழங்கப்பெற்றது. ஊசி இறங்கிய நாளையும் நேரத்தையும் அளவையும் அக்கருவியே பதிந்துகொள்ளும். அத்தகைய கருவியில் இந்தப் பொய் நிகழ்ந்திராது. ஆனால் அப்போதும் புதன்கிழமைக் காய்ச்சல் இருந்திருக்கும். அவள் அதனை யாரிடம் சொல்லியிருப்பாள் என்பதே எங்களுக்கு உறுத்துகிறது. நாங்கள் படியில் நின்று கேட்ட கேள்வி எத்தனையோ நாள். போட்டாயிற்றா என்று கேட்டோமே தவிர, போட்டால் எப்படி இருக்கிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் மறுபடியும் அதே வழி. இம்முறை கைபேசியோடு, அவளே தன் கையால் எழுதிய ஒரு தாளும் வந்தது: ஒன்பது தேதிகள், எதிரே காரணம். மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. நான்கில் ஒரு பங்கு ஊசி போகாதபோது மருந்து தோற்றது என்று எவ்வாறு சொல்வது என்றார். பிறகு அவர் செய்தது ஒரு சிறு மாற்றமே. திங்கள், புதன், வெள்ளிக்குப் பதிலாகச் செவ்வாய், வியாழன், சனி. 48 மணி நேர இடைவெளி அப்படியே நிற்கும். கூட்டத்திற்கு முந்தின இரவில் ஊசி இல்லை. செவ்வாய் இரவு ஊசிக்குப் புதன்கிழமை வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். ஆறு மாதம் பார்ப்போம். இடையில் புதிதாக எது தோன்றினாலும் உடனே வரவேண்டும் என்றார். பொய்க்கணக்கை நம்பியிருந்தால் அன்றே மருந்து மாறியிருக்கும்.

அன்று மாலை அவளோடு உட்கார்ந்து செயலியைத் திருத்தினோம். எங்கள் கைபேசிக்கு வரும் செய்தியை நிறுத்தியது முதல் வேலை. தங்கைக்கு அதை விளக்குவதற்குள் எங்களுக்குப் போதும்போதும் என்றாயிற்று. கண்ணில்லாமல் விட்டுவிட்டீர்களே என்றாள். அவள் ஊரில் இருக்கிறாள். நாங்கள் கீழ்வீட்டில் இருக்கிறோம். கண் எது என்று அவளுக்கு விளக்குவது கடினமே. இரண்டாவது, தவறிய நாளைத் தவறியது என்றே குறித்து, பக்கத்தில் இரண்டு சொல் எழுதுவது: காய்ச்சல், பயணம், மனம் இல்லை. இந்த மூன்றாவதையும் எழுதலாம் என்று சொன்னபோது அவள் சிரித்தாள். மாத முடிவில் அதனை அச்செடுத்து மருத்துவச் சீட்டுகளோடு வைக்கிறாள். முன்பு கைபேசி மாற்றியபோது இரண்டு மாதக் கணக்கு முழுதும் போய்விட்ட அனுபவமும் உண்டு. தாளுக்கு அந்த ஆபத்து இல்லை. மூன்றாவது, மாதம் ஒருமுறை டப்பாவைத் திறந்து மிச்சத்தை எண்ணுவது. அதை அவளும் என் மனைவியும் சேர்ந்து செய்கிறார்கள். என் மனைவிக்கு ஆங்கிலச் செயலி படிக்க வராது. ஊசி எண்ண வரும்.

திரையில் வரும் பெயர் பற்றியும் ஒரு சொல். மணி அடிக்கும்போது மருந்தின் பெயர் பூட்டிய திரையிலும் தெரியும். அலுவலகத்தில் மேசைமேல் கைபேசி கிடந்தால் பக்கத்திலுள்ளவர் படிக்கலாம். அவள் அதனை ‘வைட்டமின்’ என்று மாற்றி வைத்திருந்தாள். ஒருமுறை பெண் பார்க்க வந்தவர்கள் எதிரிலேயே வைட்டமின் மணி அடித்ததையும் அவள்தான் சொன்னாள். மறைப்பது சரியா என்பது வேறு வழக்கு. யாரிடம் எப்போது சொல்வது என்பது அவள் உரிமை. நோய்க்கணக்கு செயலி நடத்துவோரிடமும் தங்குகிறது. எதை எடுக்கிறார்கள், யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று தொடங்குமுன் படித்துப் பார்ப்பது நலம். தனிமனிதர் தரவைக் காக்க நம் நாட்டில் 2023-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. இன்னொரு சட்டம் பற்றியும் நம் குடும்பங்கள் அறியவேண்டும்: 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட இருபத்தொரு வகைகளுள் எம்.எஸ். நோயும் ஒன்று. அலுவலகத்தில் சொல்ல வேண்டிய நாள் வந்தபோது இந்தச் சட்டமே அவளுக்குத் துணிவு தந்தது. அவளுடைய மேலதிகாரி கேட்டது ஒன்றே: வாரக்கூட்டத்தை மாலைக்கு மாற்றினால் உதவியாக இருக்குமா என்று! ஓராண்டாக அதற்கு அஞ்சி ஊசியை விட்டவள் அன்று வீடு வந்து அழுதாள்.

இந்நோய்க்கென்று 1985-இல் தொடங்கப்பெற்ற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா என்னும் சங்கத்துக்குப் பெங்களூரிலும் சென்னையிலும் கிளைகள் உள்ளன. வேற்றூரில் தனித்து வாழும் தமிழ்க் குடும்பங்கள் அதனை அறிந்து வைத்திருப்பது நன்று. நோயாளிகள் தமக்குள் பேசிக்கொள்வது நாம் அவர்களிடம் பேசுவதைப் போன்றதன்று.

தீபாவளிக்கு அவள் ஊருக்குப் போனாள். நெல்லை செல்லும் தொடர்வண்டியில் இரவு முழுதும் ஐஸ் பெட்டியோடு பயணம். குளிர்க்கட்டி மருந்தின்மேல் நேரே படாமல் நடுவே துண்டைச் சுற்றி வைத்தாள். கட்டியின்மேல் பட்டால் மருந்து உறைந்துவிடும். சனிக்கிழமை ஊசி ஊரில் போட்டுக்கொண்டதாகச் செய்தி அனுப்பினாள். நாங்கள் கேட்கவில்லை, அவளே அனுப்பினாள். அதற்கு முந்தைய வியாழன் பற்றியும் ஒரு வரி இருந்தது: “வியாழன் போடவில்லை. சித்தி வீட்டில் இடமில்லை, வெட்கம். குறித்துவிட்டேன்.”

இப்போது அவரைக்காய்ப் பருவம். மாலையில் முறத்தை நடுவில் வைத்துக்கொண்டு பிதுக்கம்பருப்புக்காக மூவரும் உரித்துக்கொண்டிருக்கிறோம். செவ்வாய்க்கிழமையானால் ஒன்பது மணிக்கு மாடியில் மணி அடிக்கும். அவள் எழுந்து கைகழுவிவிட்டு மேலே போவாள். நாங்கள் உரித்துக்கொண்டிருப்போம். தை மாதத்தில் அடுத்த ஸ்கேன். ஐஸ் பெட்டியைக் கழுவி மொட்டைமாடியில் காயவைத்திருக்கிறோம்.